சரஸ்வதி ஆற்றைத் தாண்டிய நாள்

எங்கள் வீட்டுக்கு லூத் வந்த அன்று, அது உடைந்துபோன சாமான் என்று மாமா அடித்துச் சொன்னார். அம்மாவின் தம்பியான அவர் இப்போது தொரொன்ரோவில் பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருக்கிறார். அப்போது கலியாணமாகாத இளந்தாரி. கண்ணில் படுகிற எதையாவது கழற்றிப் பூட்டாவிட்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். மேல்மாடிப் பிரெஞ்சுக்காரர் பெட்டியைத் திறந்து அந்த வாத்தியத்தை எடுத்ததும் மாமாவின் கண் நேரே அதன் தலைக்குத்தான் போனது. கழுத்து ஒழுங்காக நேரே போய், முடிகிற இடத்தில் யாரோ முழங்காலில் வைத்து முறித்ததுபோலத் தலை பின்பக்கம் மடிந்து கிடந்தது.

"ஐயோ, முறிஞ்சு போச்சு. பொறும் தம்பி, நான் ஒட்டித் தாறன்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு மாமா மேசை லாச்சிக்குள் பசை தேடினார். பசைப் போத்தலோடு அவர் கிட்ட வரவும், அந்த மனிதர் வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிவிட்டார். நான் இடையில் புகுந்து பிரெஞ்சில் கேட்டுத் தமிழில் சொன்னேன். அது முறியவில்லை. லூத் என்றால் தலை அப்படித்தான் இருக்கும். மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. போத்தலை மூடினாரே தவிர, கைக்கெட்டிய தூரத்திலேயே வைத்துக்கொண்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. பாரிசில், லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெரு வடக்கே முடிகிற இடத்தில், ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி. மெத்ரோ ரயில் அந்த இடத்தில் நிலத்துக்குக் கீழே ஓடாது. தூண்களின் மேலே, எங்கள் சன்னலுக்கு நேரே ஓடும். அது போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் கதைக்கத் தொடங்கிவிடும். அப்பா ஒரு ரெஸ்ரோரனில் கோப்பை கழுவினார். மத்தியானம் போனால் நடுச்சாமம் கழிந்துதான் வருவார். ஆகவே வீடு என்றால் அம்மா, மாமா, நான். பிரெஞ்சு தெரிந்த ஆள் என்று பார்த்தால் நான் மட்டும்தான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

எங்களுக்கு மேலே கூரைக்குள் இருந்த சின்ன அறையில்தான் அவர் இருந்தார். கொக்குப் போல மெலிந்த உருவம், செம்பட்டைத் தாடி, எந்தக் காலத்துக்கும் ஒரே பச்சைச் சுவெட்டர். விடிய எழும்பிப் போய் கார் து நோர் ஸ்டேசனில் ரயிலுக்குப் பொதி ஏற்றுவார். "அந்தப் பிள்ளை சாப்பிடுறதோ இல்லையோ" என்று அம்மாதான் முதலில் இடியப்பத் தட்டோடு என்னை மேலே அனுப்பினார். தட்டு அப்பிள் பழத்தோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு மேல்வீட்டுத் தம்பி ஆனார். அவருக்குச் சரியான பெயர் ஒன்று இருந்தது. அம்மாவின் வாயில் அது நுழையவில்லை.

புரட்டாசியில் கூரைத் தகடு மாற்ற ஆட்கள் வந்தார்கள். பழைய தகட்டைக் கழற்றிய கையோடு மழையும் வந்தது. மேல்வீட்டுத் தம்பி நனைந்த தலையோடு எங்கள் கதவைத் தட்டி, வேலை முடியும்வரை லூத்தை உங்கள் வீட்டில் வைக்கலாமா, பின்னேரத்தில் வந்து இங்கேயே பழகலாமா என்று கேட்டார். அம்மாவுக்கு நான் சொல்லி முடிக்கவில்லை, "வைக்கச் சொல்லு, உதுக்கென்ன கேள்வி" என்று அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேசை இறக்கிவிட்டார்.

அன்று பின்னேரமே அவர் மாமாவின் கட்டிலில் இருந்து வாசித்தார். வாத்தியத்தின் முதுகு பாதியாக வெட்டிய பப்பாசிப் பழம் போல உருண்டிருந்தது. மெல்லிய மரக்கீற்றுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிச் செய்தது. தூக்கிப் பார் என்று என் கையில் தந்தார். ஒரு பாணை விடப் பாரம் குறைவு. முன்பக்கத்தில் ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் மரத்தையே கோலம் போல வெட்டி வைத்திருந்தது. கம்பிகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து ஓடின. அவை கம்பியே இல்லை, ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தவையாம். சட்டைப் பையிலிருந்து வாத்தின் இறகு ஒன்றை எடுத்து, அதன் தண்டை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். இறகால் வாசிக்கிற வாத்தியம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

சத்தம் வந்தது. சின்னச் சத்தம். குசினியில் சோறு கொதித்தால் அமுங்கிப்போகிற அளவு. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, போய் அடுப்பைத் தணித்தார். மாமா பசைப் போத்தலைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தார். எனக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. ஏன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அந்த இசைக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு சத்தமும் வந்து, நின்று, எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. மெத்ரோ வந்து கோப்பைகள் ஆடத் தொடங்கினால் அவர் இறகை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ரயில் போனதும் விட்ட இடத்திலேயே தொடுவார். நாங்களும் அவரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம்.

எவ்வளவு பழைய பாட்டு என்று கேட்டேன். எழுநூறு எண்ணூறு வருடம் இருக்கும் என்றார். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை என்று கண்டு வேறு விதமாகச் சொன்னார். இந்தப் பாட்டு உண்டானபோது பிரான்சில் உருளைக்கிழங்கு கிடையாது. தக்காளி கிடையாது. அதைத் தமிழில் சொன்னதும் மாமா எழும்பி நின்றுவிட்டார்.

"கிழங்கில்லாமல் இவங்கள் என்னத்தைத் திண்டவங்கள்?"

எனக்கோ வாய் மூடவில்லை. பள்ளிக்கூடத்தில் பொரித்த உருளைக்கிழங்கு இல்லாத நாளே இல்லை. அந்தக் கிழங்கே வந்து சேராத பிரான்சு. மெத்ரோவும் இல்லை, எங்கள் கட்டடமும் இல்லை, தெருவும் இல்லை. அங்கே யாரோ ஒருத்தி நின்று பாடியது இப்போது எங்கள் வீட்டு மாமாவின் கட்டிலில் கேட்கிறது! கடல் தாண்டிப் போனவனை நினைத்து ஒரு பெண் பாடுவதாம். "அது இந்தத் தெருவிலை எல்லாற்றை வீட்டிலையும் இருக்கிற கதைதானே" என்று அம்மா சொன்னார். மேல்வீட்டுத் தம்பி இன்னொன்றும் சொன்னார். பாட்டின் மெட்டை மட்டும்தான் அந்தக் காலத்து ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். லூத்தில் அதை எப்படி வாசித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டார்கள். அவர் யோசித்து யோசித்து வாசிக்கிறார். பிழை விட்டால் கண்டுபிடிக்க ஆளே இல்லை, எவ்வளவு நல்ல வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்படியிருக்க நவராத்திரி வந்தது. அந்த வருடம் அம்மா ஒன்பது நாளும் ஒரு நேரம்தான் சாப்பிட்டார். மாமாவுக்காக. மாமாவின் அகதி மனுவுக்கு முதல் தடவை இல்லை என்று பதில் வந்துவிட்டது. மேன்முறையீடு போட்டிருந்தார். பூசை முடிந்து அடுத்த கிழமை விசாரணை. அங்கே நாலு பேர் இருந்து கேள்வி கேட்பார்களாம், இவர் சொல்வதை நம்பினால் இருக்கலாம், நம்பாவிட்டால் போகவேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாமா ஒபர்வில்லியேயில் ஒரு தையல் பட்டறையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாத நாட்களில் கண்ணாடி முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகுவார்.

சரஸ்வதி பூசை புதன்கிழமையில் வந்தது. புதன் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா விடியவே குளித்து, அலுமாரியின் முன் வெள்ளைத் துணி விரித்து, சரஸ்வதி படத்தை வைத்தார். செம்பில் தண்ணீர் நிரப்பித் தேங்காய் வைத்துக் கும்பம். மாவிலைக்கு எங்கே போவது? சந்தையில் வாங்கிய லோரியே இலையைத்தான் சுற்றிவரச் செருகினார். இறைச்சிக் குழம்புக்குப் போடுகிற இலை அது. சரஸ்வதிக்குத் தெரியவா போகிறது என்றார் மாமா. என் புத்தகங்கள் எல்லாம் படத்தின் முன்னே போயின. நாளை விடிய எடுக்கும்வரை அவற்றைத் தொடக்கூடாது, வீட்டுப்பாடமும் செய்யக்கூடாது. பிள்ளைகளின் கஷ்டம் தெரிந்த கடவுள் அது ஒன்றுதான். பிறகு அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பூசையைப் பார்த்தார். ஏதோ குறைவது போல இருந்தது போலும். நிமிர்ந்து அலுமாரிக்கு மேலே பார்த்தார்.

"பிரான்சுக்கு வந்து இத்தனை வரியத்திலை வீட்டிலை ஒரு வாத்தியம் இருக்கிறது இந்தமுறைதான்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை இறக்கச் சொன்னார்.

மாமா இறக்கினார். இறக்கும்போது, "அக்கா, உந்தக் கம்பியெல்லாம் ஆட்டுக் குடலாம், விரத நாளிலை..." என்று இழுத்தார்.

"மிருதங்கத்திலை இருக்கிறது என்ன, பூசணித் தோலோ? வையடா அங்கை."

வைத்தாயிற்று. அந்த மடிந்த தலையில் அம்மா சந்தனம் குழைத்து ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். பூப்போட்டார். படத்துச் சரஸ்வதியின் மடியில் வீணை, படத்துக்கு முன்னால் லூத். பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது. சொந்தக்காரரைக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தன்னுடைய வாத்தியத்துக்குப் பூசை செய்வதை வேண்டாம் என்று சொல்கிற ஆள் உலகத்தில் இருப்பானா?

பின்னேரம் நாலு மணி போல மேலிருந்து யாரோ உருண்டு விழுவது போலப் படியில் சத்தம். கதவைத் திறந்தால் மேல்வீட்டுத் தம்பி. மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. பழைய பாட்டுகள் மட்டும் பாடுகிற ஒரு குழு இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தில் இன்றிரவு எட்டு மணிக்கு அவர்களுடைய கச்சேரி. அவர்களுடைய லூத்காரர் சைக்கிளால் விழுந்து கையை முறித்துக்கொண்டார். இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். லூத் எங்கே?

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் பூவையும் பொட்டையும் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்து, எடுக்கக் குனிந்தார்.

"தொடவேண்டாம்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அவர் அப்படியே உறைந்துவிட்டார். "பிள்ளை, சொல்லு. இண்டைக்கு எடுக்கேலாது. நாளைக்கு விடிய எடுக்கலாம்."

இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? ஒன்பது வயதுக்கு எட்டியபடி சொன்னேன். லூத் நித்திரை கொள்கிறது, நாளைக் காலைவரை எழுப்பக்கூடாது, எழுப்பினால் கடவுளுக்குக் கோபம் வரும். அவர் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. சத்தம் போடுவார் என்று நான் சன்னல் பக்கம் ஒதுங்கினேன். அவர் சத்தம் போடவில்லை. நிலத்தில் இருந்துவிட்டார், நீளக் காலை மடிக்கத் தெரியாமல் மடித்து. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்தக் குழு எப்போது கூப்பிடும் என்றுதான் பாரிசுக்கு வந்த நாளிலிருந்து காத்திருக்கிறேன். தை மாதம்வரை பார்ப்பேன், இல்லையென்றால் வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இறைச்சிக் கடை, போனால் அதில்தான் நிற்கவேண்டும். வேறு லூத்தில் வாசிக்க இனிப் பழகமுடியாது.

ஒவ்வொரு வசனமாக நான் அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலும் இறங்கிப்போனது.

"குடுங்கோவன் அக்கா, பாவம்" என்றார் மாமா.

அம்மா அவரை எரிக்கிற மாதிரிப் பார்த்தார். "ஒன்பது நாளும் ஆருக்கடா வயித்தைக் காயப் போட்டனான்? இண்டைக்குப் பூசையைக் கலைச்சுப்போட்டு வாற கிழமை உன்னை அங்கை எந்த முகத்தோடை அனுப்புறது?"

"என்ரை விசாரணைக்கும் இவன்ரை பூசணிக்காய்க்கும் என்ன சம்பந்தம்?"

"உனக்கென்ன தெரியும்" என்று சொல்லி அம்மா குசினிக்குள் போய்விட்டார். ஒரு மெத்ரோ போனது, இன்னொன்று போனது. கும்பத்தில் இருந்த தேங்காய் மெல்ல ஆடியது. லூத் மட்டும் சந்தனப் பொட்டோடு அசையாமல் கிடந்தது. அது உண்மையிலேயே நித்திரைதான் என்று எனக்குத் தோன்றியது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "அங்கை இவனை ஆரும் பாத்து முடிவு சொல்லுவினமோ, கேள்."

கேட்டேன். ஓம், குழுவை நடத்துகிற பெண்மணி இருப்பார், கேட்டுவிட்டு அவர்தான் முடிவு செய்வார் என்றார். தமிழில் சொன்னேன்.

"அப்ப இவனுக்கும் விசாரணைதான்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் சரஸ்வதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அப்படிச் செருகினால் இனி ஆரும் மறுத்துக் கதைக்க முடியாது என்று அர்த்தம். "கொண்டு போகட்டும். ஆனா தனியப் போகேலாது. படமும் போகும், கும்பமும் போகும். சரஸ்வதிக்கு முன்னாலைதான் இருக்கவேணும், அவவுக்கு முன்னாலைதான் வாசிக்கவேணும். அப்ப பூசை கலையேல்லை, இடம்தான் மாறியிருக்கு. சொல்லு."

நான் சொன்னேன். அவர் துள்ளி எழும்பி, ஆகட்டும் ஆகட்டும் என்றார். குளிர்சாதனப் பெட்டியும் கூட வரவேண்டும் என்று சொல்லியிருந்தாலும் தோளில் தூக்கியிருப்பார்.

அன்று கார் து நோரில் மெத்ரோ ஏறியவர்கள் எங்களை மறந்திருக்கமாட்டார்கள். முன்னால் லூத்தோடு அவர். லூத்தைப் பெட்டிக்குள் மூட அம்மா விடவில்லை. மூடினால் அவவுக்கு எப்படித் தெரியும்? பின்னால் கூறைச் சேலைக்கு மேல் அப்பாவின் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு, நெஞ்சோடு சரஸ்வதி படத்தோடு அம்மா. அதற்குப் பின்னால் இரண்டு கையாலும் கும்பத்தைத் தாங்கியபடி, தண்ணீர் சிந்தாமல் பூனை நடை நடந்து மாமா. கடைசியில் படைத்த கடலைச் சட்டியோடு நான். ரயில் பெட்டி நிறைய ஆட்கள். தொப்பி போட்ட ஒரு கிழவி எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், படத்தைப் பார்த்தார், எழும்பி இடம் விட்டார். அம்மா அதில் இருக்கவில்லை. படத்தை இருத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார். ஆற்றுக்கு அடியால் போகிறோம் என்று நான் சொன்னபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதுவரைக்கும் அவர் ஆற்றைத் தாண்டியதில்லை.

தேவாலயத்துக்குள் போனதும் அண்ணாந்து பார்த்தேன். கல், கல், எங்கே பார்த்தாலும் கல். தூண்கள் மேலே போய், இன்னும் மேலே போய், இருட்டுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. மின்விளக்கு இல்லை. நூற்றுக்கணக்கில் மெழுகுதிரி. அந்தப் பாட்டுகளுக்கு இருக்கும் வயது இந்தக் கல்லுக்கும் இருக்கும் என்று மேல்வீட்டுத் தம்பி என் காதில் சொன்னார். நான் சட்டியை ஒரு கையில் மாற்றிக்கொண்டு தூணைத் தொட்டுப் பார்த்தேன். உருளைக்கிழங்கு இல்லாத காலத்தை நான் தொட்டேன். அது சில்லென்று இருந்தது.

குழுவை நடத்துகிற பெண்மணி கறுத்த உடுப்போடு வந்தார். அவர் லூத்தின் தலையில் இருந்த பொட்டைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மேல்வீட்டுத் தம்பி ஏதோ கிசுகிசுத்தார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நான் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அந்தப் பெண்மணி அம்மாவின் கையில் இருந்த படத்துக்குக் கிட்ட வந்து, கண்ணாடியை மாட்டி, குனிந்து வீணையை வெகு நேரம் பார்த்தார். படத்தில் இருப்பவர் வாசிப்பது என்ன என்று என்னிடம் கேட்டார். வீணை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, முன்வரிசையில் எங்களுக்கு நாலு கதிரை காட்டினார். அம்மா, அம்மாவின் மடியில் சரஸ்வதி, பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்துக் கதிரையில் கும்பம், அதற்கு அடுத்ததில் மாமா.

மேல்வீட்டுத் தம்பி மேடையில் ஏறி இருந்து, இறகை இரண்டு தரம் சுவெட்டரில் துடைத்தார். அவர் எங்கள் பக்கம் பார்த்தார். அம்மா படத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டினார். பிறகு குனிந்து சரஸ்வதியிடம் மெல்லச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இண்டைக்கு இவனுக்குக் குடு தாயே. என்ரை தம்பியைப் பிறகு பாப்பம்."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. எங்கள் தெருப் பாண் கடையில் நான் தினமும் வரிசையில் நிற்கிறவள். முன்னால் அவசரக்காரர் ஒருவரை விட்டால் என்ன, அடுத்தது எங்கள் முறை வரும். கடையில் பாண் முடிந்து போவதை நான் அதுவரை கண்டதில்லை.

வாசித்தார். எங்கள் வீட்டில் மெத்ரோவுக்குப் பயந்து பயந்து வந்த அந்தச் சின்னச் சத்தம், இங்கே எழும்பிப் போய்க் கல்லைத் தொட்டுவிட்டு எங்களிடம் திரும்பி வந்தது. ஒருவரும் இருமவில்லை. ஒருவரும் கதிரையை அசைக்கவில்லை. இத்தனை பெரிய ஆட்கள் இவ்வளவு சின்னச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதை நான் கண்டதேயில்லை. பிறகு ஒரு பெண் எழும்பிப் பாடினாள், கடல் தாண்டிப் போனவனுடைய பாட்டு. மாமா என் பக்கம் சாய்ந்து, "கரகரப்பிரியா" என்று ராகத்தின் பெயரைச் சொன்னார், தான் கண்டுபிடித்தது போல. நல்லூர்த் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த ஆள். தொடையில் தாளம் போடத் தொடங்கினார். தாளம் எங்கேயோ வழுக்கியது. திரும்பவும் பிடித்தார், திரும்பவும் வழுக்கியது. அம்மா என்னையும் கும்பத்தையும் தாண்டிக் கையை நீட்டி அவரைக் கிள்ளினார். அதற்குப் பிறகு மாமாவும் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துக் கொண்டேயிருந்தது. அந்த இரவில் நான் பார்த்ததையும் கேட்டதையும் போல ஒன்றைப் பிறகு என் வாழ்க்கையில் சந்திக்கவில்லை. எத்தனையோ பெரிய மண்டபங்களுக்குப் போய்விட்டேன்.

முடிந்ததும் கைதட்டல் மழை போல விழுந்தது. அம்மாவோ அதற்காகவே காத்திருந்தது போல எழும்பி, என் கையில் இருந்த சட்டியை வாங்கி, பூசைப் பிரசாதத்தை வரிசை வரிசையாகக் கொடுக்கத் தொடங்கினார். கச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆளுக்கு ஒரு பிடி கடலையைக் கையில் வாங்கிப் பக்தியோடு சாப்பிட்டார்கள். வெள்ளைமீசைக்காரர் ஒருவர் கடலையில் தூவியிருந்த தேங்காய்ப்பூவை நாக்கில் வைத்துப் பார்த்து, இதுவும் அந்தக் காலத்துச் சமையலா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கிழங்கு இல்லாத காலத்து ஆட்கள் கடலைதானே சாப்பிட்டிருப்பார்கள்.

கறுத்த உடுப்புப் பெண்மணி மேல்வீட்டுத் தம்பியைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். எங்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மறுநாள் விஜயதசமி. விடிய அவர் லூத்தோடு இறங்கி வந்து, எங்கள் வீட்டில் திரும்பவும் வைத்திருந்த படத்தின் முன்னே, இந்த முறை காலை ஒழுங்காக மடித்து இருந்து, முதல் வாசிப்பை வாசித்தார். பொட்டை அவர் அழிக்கவில்லை. அந்தச் சந்தனம் தானாக உதிரும்வரை அந்த லூத்தில் இருந்தது.

மாமா அடுத்த கிழமை சேட்டுக்கு இஸ்திரி போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, பிறகு வாசலில் வைத்து அதை அழித்துவிட்டு விசாரணைக்குப் போனார். பதில் குளிர் முற்றிய பிறகு வந்தது. ஒரு பின்னேரம் அம்மா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். மாமா சப்பாத்தைக் கழற்றாமலே வந்து கதவடியில் நின்றார்.

"இல்லையாம் அக்கா."

அம்மாவின் கை நிற்கவில்லை. உரலில் இருந்த மா முழுவதையும் பிழிந்து முடித்து, தட்டுகளை அடுக்கி, மூடியை மூடினார். அதற்குப் பிறகுதான் நிலத்தில் இருந்தார். "நான்தான் சொன்னனான்" என்றார், சுவரைப் பார்த்தபடி. "பிறகு பாப்பம் எண்டு நான்தான் வாய்விட்டுச் சொன்னனான்."

"உங்களுக்கென்ன விசரே அக்கா" என்றார் மாமா. அப்படியே போய்த் தன் கட்டிலில், கோட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேலே லூத் தொடங்கியது. புதுத் தகடு போட்ட கூரைக்குக் கீழே அதே பாட்டு. அம்மா முகத்தை உயர்த்தி முகட்டைப் பார்த்தார். தும்புத்தடியை எடுத்து முகட்டில் குத்தப்போகிறார், நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று நான் எண்ணினேன். ஒரு மெத்ரோ போனது. பாட்டு நின்று, பிறகு விட்ட இடத்தில் தொடங்கியது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி, ஆவி பறக்கிற இடியப்பத்தைத் தட்டில் எடுத்து வைத்து, சம்பல் வைத்து, ஒரு கிண்ணத்தில் சொதி ஊற்றினார்.

"ஆறமுதல் மேலை குடுத்திட்டு ஓடி வா. மாமாவின்ரை கதையை அவனிட்டை மூச்சும் விடக்கூடாது, விளங்குதோ?"

விளங்குது என்றேன். ஏன் சொல்லக்கூடாது என்று விளங்கவில்லை. அம்மா ஏன் சுவரைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்றும், மாமா ஏன் சாப்பிட வரவில்லை என்றும் விளங்கவில்லை. மேல்வீட்டுத் தம்பிக்குக் கிடைத்தாயிற்று, வரிசையில் அடுத்தது நாங்கள்தானே என்ற சந்தோசத்தோடு, சொதி சிந்தாமல் படி ஏறினேன்.